ஒரு தோள் இறங்கிய சட்டை

கோல்ஃப் விளையாடுகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் நடப்பது என் தொழில். கெடி என்பார்கள். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு திகனக்குக் குடிவந்தவன் நான். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில், நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி கிடக்கிற புல்வெளியில் இருபத்திரண்டு வருடமாகப் பை தூக்குகிறேன்.

இந்தத் தொழிலில் காசு குறைவு, காற்று அதிகம். அதோடு இன்னொன்றும் அதிகம், சட்டை. விளையாட வருகிற பெரிய மனிதர்கள் தங்களுக்குச் சலித்துப்போன கோல்ஃப் சட்டைகளை எங்களிடம் தந்துவிடுவார்கள். கொலர் வைத்தது, மார்பில் மூன்று பொத்தான், வியர்வையைப் பட்டென்று காயவிடுகிற மெல்லிய துணி. எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. என் அலுமாரியில் இப்படிப் பதினேழு கிடந்தன, ஒன்றுகூட என் அளவில்லை. நல்ல மனசுக்காரர்கள் எல்லாரும் என்னைவிட அரை அடி உயரமாகவே பிறந்திருக்கிறார்கள்.

அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் கிடையாது. வேலை நேரத்தில் நாங்கள் இலக்கம் போட்ட பச்சை மேலங்கி போட்டுக்கொள்ள வேண்டும். என் இலக்கம் முப்பத்தொன்று. மேலங்கிக்குள்ளே சட்டை தொளதொளத்தால் என்ன, இறுக்கினால் என்ன, யார் பார்க்கிறார்கள்.

வருடத்தில் ஒரேயொரு ஞாயிறு மட்டும் அந்த மேலங்கி கழலும். அன்றைக்குக் கெடிகளின் போட்டி. நாங்கள் விளையாடுவோம். வருடம் முழுக்க யாருடைய பையைத் தூக்குகிறோமோ, அவர் அன்று நம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். எப்போது தொடங்கிய வழக்கமோ தெரியாது, ஆனால் தீபாவளிக்குக் காத்திருக்கிற மாதிரி அதற்குக் காத்திருப்போம். அன்றைக்கும் விதி விதிதான். கொலர் வைத்த சட்டை, அதைக் காற்சட்டைக்குள் விட்டிருக்க வேண்டும்.

நான் பை தூக்குவது ஒரு டொக்டருக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் எலும்பு டொக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆள் பனை மாதிரி உயரம், மனசு தங்கம், வாய் மட்டும் கொஞ்சம் பெரிது. போன வருடப் போட்டிக்கு அவர் தந்த சட்டைகளில் நல்லதாக ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு போனேன். கை முழங்கை தாண்டியது. உள்ளே விட்ட துணி இடுப்பைச் சுற்றித் தலையணையாகப் புடைத்துக்கொண்டது. முதல் அடி அடிக்கப் பந்தை வைத்துவிட்டு நிமிர்கிறேன், பின்னால் என் பையோடு நிற்கிற டொக்டர் சந்தோஷமாகச் சத்தம் போட்டார்.

“அட, இது என்ர ஷேர்ட் எல்லோ! சிங்கப்பூரில வாங்கினது!”

சுற்றி நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடித்த பந்து வலது பக்கக் குளத்தில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்பது குழியும் எப்படி விளையாடினேன் என்று கேட்காதீர்கள். அவமானமாக இருந்தது. அதைவிட, அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரிந்ததால் கோபப்படவும் வழியில்லாமல் போனதுதான் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினேன்.

“அவரு நல்லதுக்குத்தானே சொன்னாரு” என்றாள்.

“நல்லதுக்கு இல்ல, கெட்டதுக்கு இல்ல, சும்மா சொன்னாரு. அதான் எரியுது” என்றேன். “அடுத்த வருஷம் என் காசுல, என் அளவுல ஒரு சட்டை எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் போவேன். இல்லாட்டி போக மாட்டேன்.”

“பாப்போம், பாப்போம்” என்றாள். எனக்கு ரோஷம் வந்தால் எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. இந்த முறை அந்தக் கணக்கு பிழைத்தது.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கண்டிக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கி, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தேன். உள்ளே குளிர் கண்டியின் குளிரைவிட அதிகம். கோல்ஃப் சட்டை என்று எழுதியே வைத்திருந்தார்கள். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், நல்ல பிள்ளையாகத் திருப்பி விட்டேன். எனக்கு நியாயமான விலை என்றால், வாங்கின பிறகு அந்தச் சட்டையோடு ஒரு பஸ் சீட்டில் பயமில்லாமல் உட்கார முடிய வேண்டும். இதைப் போட்டால் நின்றுகொண்டே சாக வேண்டியதுதான்.

ஆனாலும் போட்டுப் பார்க்கக் காசு கேட்க மாட்டார்களே. திரைக்குப் பின்னால் போய் மாட்டினேன். நிற்கும்போது பரவாயில்லை. கோல்ஃப் சட்டை நிற்பதற்கா? மட்டையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்து, இடுப்பைத் திருப்பி, ஒரு வீச்சு வீசிப் பார்த்தேன். திரை தொங்கின கம்பி கழன்று, திரையோடு என் தலையில் விழுந்தது. விற்கிற பெண்பிள்ளை ஓடிவந்து பார்த்தபோது நான் திரைக்குள் கோழிக்குஞ்சாக நின்றேன். “சைஸ் சரியில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அன்றைக்கு இன்னும் நாலு கடை ஏறினேன். ஒன்றில் வயிறு இறுக்கியது, ஒன்றில் கழுத்து அலைந்தது. அளவு ஓரளவு சரியாக வந்த சட்டையிலும் ஒரு வினோதத்தைக் கவனித்தேன். எந்தச் சட்டையைப் போட்டாலும் வலது கைக்குக் கீழே துணி மூன்று மடிப்பாகச் சேர்ந்து தொங்குகிறது. இடது பக்கத்து விளிம்போ மேலே ஏறி நிற்கிறது. கடைக்காரர்களின் கண்ணாடிதான் கோணல் என்று நினைத்தேன். ஐந்து கடையிலும் கண்ணாடி ஒரே பக்கமாகக் கோணுமா என்ற சந்தேகம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

மனைவி ஒரு கார்மென்ட்டில் செக்கர். தைத்து முடிந்த உடுப்புகளைப் புரட்டிப் பார்த்து, பிழை இருக்கிற இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஒட்டுவது அவள் வேலை. அம்பு ஒட்டின உடுப்பு கப்பல் ஏறாது. ஒரு நூல் துருத்தினாலும் விட மாட்டாள். வீட்டில் என் சமையலையும் அப்படித்தான் பார்ப்பாள்.

கதையைக் கேட்டவள் என்னைச் சுவரோடு நிற்க வைத்து, நாடாவை எடுத்து, கழுத்திலிருந்து இந்தத் தோள், அந்தத் தோள் என்று அளந்தாள். இரண்டு தரம் அளந்தாள்.

“என்னாங்க, ஒங்க வலது தோளு முக்கா இஞ்சு எறங்கி இருக்கு.”

“இருக்காது.”

“நாடா பொய் சொல்லுமா? இருவத்திரெண்டு வருஷமா அந்தத் தோள்லதானே பைய மாட்டுறீங்க. சட்டையில பிழ இல்ல. நீங்கதான் ரிஜெக்ட்டு.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதற்குள் ஒரு சுருக்கென்ற வலியும் இருந்தது. நாற்பத்தாறு வயதில், நான் நேராக நிற்கவில்லை என்று முதல்முறையாகத் தெரியவருகிறது. இத்தனை வருடமாகப் படமெடுக்கிற ஒவ்வொருவரும் “கொஞ்சம் நேரா நில்லுங்க” என்று சொன்னதற்கு இப்போதுதான் அர்த்தம் விளங்கியது. நான் நேராகத்தான் நின்றேன் என்று அவர்களோடு சண்டை வேறு பிடித்திருக்கிறேன்.

தையற்காரரிடம் போகலாமா என்று யோசித்தோம். வேட்டிக் கரை மாதிரி நேராக ஓடுகிற துணி என்றால் தைப்பார்கள், இந்த இழுபடுகிற துணியைத் தொட ஒருவரும் சம்மதிக்கவில்லை. இரண்டு வாரம் அப்படியே போனது. என் ரோஷமும் என்னைப் போல ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியது.

போட்டிக்கு ஐந்து நாள் முன்னால் போயா வந்தது, பௌர்ணமி விடுமுறை. கார்மென்ட்டுக்கு லீவு. “வாங்க, திகனயிலேயே ஒரு எடத்தப் பாத்துட்டு வருவோம்” என்று அவளே கிளம்பினாள். கடைத்தெருவில் முதலாளி ஒருவர் கார்மென்ட்களில் மிஞ்சின உடுப்பை மூட்டை மூட்டையாக எடுத்து விற்கிறார். கொம்பனிப் பெயர் தெரியக்கூடாது என்று கழுத்து லேபிளைக் கத்தரியால் பாதி வெட்டித்தான் வைத்திருப்பார். ஊரில் எல்லாரும் அவரை நாநா என்றுதான் கூப்பிடுவோம்.

“வாங்கொ தம்பி, வாங்கொ தங்கச்சி, என்ன ஓணும்? எல்லாம் ஈக்கி” என்றார்.

கோல்ஃப் சட்டை என்றதும் ஒரு மலையை எங்கள் முன்னால் கொட்டினார். விலை கேட்டேன். பஸ் சீட்டில் மட்டுமல்ல, பஸ் மிதிபலகையிலும் உட்காரக்கூடிய விலை. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் யாரோடு வந்திருக்கிறேன் என்பதை மறந்துபோனேன்.

ஒரு சட்டையை எடுத்து நீட்டினேன். அவள் அதை உள்பக்கம் திருப்பி, தையலைக் கட்டைவிரலால் தடவி, “ஊசி ஓட்ட” என்று ஒரு பக்கம் போட்டாள். அடுத்ததில் கொலர் முனை இரண்டும் ஒத்துப்போகவில்லை. அடுத்தது சாயம் மாறிய துணி. அதற்கடுத்தது பொத்தான் துளை. லீவு நாளென்று சொன்னது பேச்சுக்குத்தான், ஆள் அப்படியே வேலையில் இறங்கிவிட்டாள். அரை மணித்தியாலத்தில் மலை முழுவதும் இடம் மாறியது, ஒரு சட்டைகூட பாஸ் ஆகவில்லை.

நாநா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “தங்கச்சி, பிழை இல்லாட்டி இது ஏன் என்ட கடைக்கு வாற?” என்று பாவமாகக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல், என் தோள் மேல், சிங்கப்பூர் மேல். மூட்டையின் அடியில் கையை விட்டுக் கிடைத்ததை இழுத்தேன். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சட்டை வந்தது. அழகான நிறம். வலது தோளில் ஒரு சிவப்பு அம்பு.

“அத வைங்க” என்றாள் உடனே. “வெட்டும்போதே துணி நழுவி இருக்கு. வலது தோளு கோணல். அதப் போட்டா…”

சொல்ல வந்ததை நிறுத்தினாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அம்பைப் பார்த்தாள். என் சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனுக்கு மேல் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

தோளில் இருப்பதே தெரியவில்லை. கைக்குக் கீழே குனிந்து தேடினேன், மடிப்பு இல்லை. விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றது. மூலையில் கிடந்த நாநாவின் குடையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, மூட்டைகளுக்கு நடுவே ஒரு முழு வீச்சு வீசினேன். சட்டை என்னோடு போய் என்னோடு திரும்பி வந்தது. எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் இழுக்கவில்லை.

“யா அல்லா, கூரய ஒடச்சிராதீங்கொ” என்று நாநா எழுந்துவிட்டார்.

மனைவி என்னைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தாள். முதுகுப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்தாள். இன்னொரு வட்டம் நடந்தாள். பிறகு விரல் நகத்தால் அந்தச் சிவப்பு அம்பை மெதுவாக உரித்தெடுத்தாள்.

“பாஸ்” என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக மாதக்கணக்காய் ஏங்கியவன் போல உடனே காசை எடுத்து நாநாவிடம் நீட்டினேன். அதே வெட்டில் அதே நிறத்தில் இன்னொன்றும் கிடந்தது, இரண்டு அளவு பெரிது. “ரெண்டயும் எடுங்கொ, ஒங்களத் தவிர வேற யாருக்கும் அது செல்லாது” என்று நாநா பெரியதைக் கிட்டத்தட்டச் சும்மாவே பையில் திணித்தார். அதை அலுமாரியில் மடித்து வைத்தோம். எதற்கு என்று அப்போது தெரியாது.

போட்டி நாள் நல்ல வெயில். மேலங்கியைக் கழற்றிவிட்டு, கத்தரிப்பூச் சட்டையைக் காற்சட்டைக்குள் நேர்த்தியாக விட்டு, முதல் குழிக்குப் போய் நின்றேன். டொக்டர் பையோடு பின்னால் நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் அடித்துவிட வேண்டும் என்று அவசரம். அடித்தேன். பந்து வலதும் போகாமல் இடதும் போகாமல் புல்லின் நடுமத்தியில் போய் உட்கார்ந்தது. பார்க்க வந்திருந்த என் மனைவி, கைதட்டக்கூடாத இடத்தில் கைதட்டினாள்.

மூன்றாவது குழியில் டொக்டர் பையை இடது தோளுக்கு மாற்றினார். ஐந்தாவதில் திரும்ப வலதுக்கு. ஏழாவதில் கீழே வைத்துவிட்டுத் தோளைப் பிசைந்தபடி என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல ஷேர்ட் ஒண்டு போட்டிருக்கிறீர். எங்க வாங்கினனீர்? உம்மட தோள் இண்டைக்குத்தான் நேராத் தெரியுது” என்றார்.

“தோள் கோணல்தான் சேர். சட்டையும் கோணல், அதனால நேராத் தெரியுது” என்று நாடா, அம்பு, நாநா எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கிட்ட வந்து, நோயாளியைப் பார்ப்பது போல என் இரண்டு தோளிலும் கை வைத்து அழுத்திப் பார்த்தார்.

“நான் எலும்பு டொக்டர். பதினொரு வருஷமா என்ர பையைத் தூக்கிறீர். ஒருநாளும் காணேல்லை” என்றார். “நான் எப்பவும் முன்னால எல்லோ நடந்தனான்.”

“விடுங்க சேர், எட்டாவது குழி இருக்கு” என்றேன். அவர் பையை எடுத்து வலது தோளிலேயே மாட்டிக்கொண்டார், அதற்குப் பிறகு மாற்றவில்லை. நான் மூன்றாவதாக வந்தேன். பரிசு ஒரு பெரிய குடை. அதை நாநாவுக்குக் கொடுத்துவிடலாமா என்றாள் மனைவி, கொடுத்தோம்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தபோதுதான் அந்தப் பெரிய சட்டை கண்ணில் பட்டது. டொக்டரின் அளவு. இவ்வளவு வருடத்தில் கெடிகள் யாரும் விளையாட வருகிறவர்களுக்கு ஒரு சட்டை கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. “கொடுக்கலாமா? கோணலாச்சே” என்றேன். “கொடுங்க, அவரு தந்தது மட்டும் ஒங்களுக்கு நேராவா இருந்திச்சி?” என்றாள். அடுத்த நாளே பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

அடுத்த ஞாயிறு மேலங்கி முப்பத்தொன்றைப் போட்டுக்கொண்டு முதல் குழியில் காத்திருக்கிறேன், டொக்டர் வருகிறார். கத்தரிப்பூ நிறம் தூரத்திலேயே தெரிந்தது. கிட்ட வர வர எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நேரான அந்தத் தோளை வலது பக்கம் சட்டை கீழே இழுத்துப் பிடிக்கிறது, கொலர் ஒரு பக்கமாக ஓடுகிறது, கழுத்தருகே துணி கூனிப்போய் நிற்கிறது. கூட விளையாட வந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் கேட்டேவிட்டார், இந்தச் சட்டை எங்கே கிடைத்தது என்று.

டொக்டர் அதே பெரிய வாயைத் திறந்தார். குளத்துக்கு அந்தப் பக்கம் புல் வெட்டுகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

“இது என்ர ஷேர்ட் இல்லை. இவற்ற ஷேர்ட். இவர் தந்தது!”

என் பக்கம் கையை நீட்டிச் சொன்னார். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்தில், போன வருடம் நான் கூனிக் குறுகின அதே இடத்தில், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. நின்ற நிலையிலேயே ஒரு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது.

பிறகு டொக்டர் பந்தை வைத்தார், மட்டையைத் தூக்கினார், வீசினார். பந்து அழகாக மேலே எழும்பி, வலது பக்கம் வளைந்து, குளத்தில் போய் விழுந்தது. அவர் தோளைக் குலுக்கிச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தோள் பிடிக்குதப்பா” என்றார்.

“பழகிடும் சேர்” என்றேன். “எனக்குப் பழகலியா?”

அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். பின்னால் வந்த குழு காத்திருக்க, இரண்டாவது பந்தை வைக்க எங்களுக்கு வெகுநேரம் பிடித்தது.